கம்பம்மெட்டில் கிடந்த பணம்

என் மகளுக்குக் கண் பெரிது. ஆறேழு மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டுச் சந்தைக்கு இடுப்பில் வைத்துக்கொண்டு போனால், வெல்லம் நிறுத்துக்கொண்டிருக்கிற கடைக்காரர்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை பார்ப்பார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. கண் பட்டுவிடுமே என்று கன்னத்தில் மை, உள்ளங்காலில் மை, வெள்ளிக்கிழமை தவறாமல் மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவது என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெரிய கண்தான் நோய் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒன்றரை வயதானபோது அவள் வெயிலைப் பார்க்க மறுத்தாள். வாசலுக்குத் தூக்கிவந்தால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள். கண்ணில் எந்நேரமும் நீர் கோத்து நிற்கும். சளி என்றார்கள், சூடு என்றார்கள், உச்சியில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார்கள். ஒரு நாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது முகத்தை நிமிர்த்தவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நாலு பேர் முன்னால் பிள்ளை மானத்தை வாங்குகிறதே என்று முதுகில் ஒன்று வைத்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கோபம் மூக்கின் மேல் இருக்கும். அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

கருவிழியில் பால் விட்டதுபோல ஒரு மங்கல் வந்த பிறகுதான் பயந்துபோய்க் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். முதலில் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இங்கே வசதியில்லை என்று கண்ணுக்கென்றே இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். குழந்தையைத் துணியில் சுற்றி அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில்தான் கண் பெருத்திருக்கிறது, பின்னால் இருக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது என்றார். ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். போன பார்வை திரும்பாது.

"ஒரு மாசத்துக்குள்ள கொண்டாந்துருங்க. ரெண்டு கண்ணையும் பாத்துக்கலாம். தள்ளிப்போட்டீங்கன்னா அப்புறம் எங்கையில இல்ல."

இரண்டு கண்ணுக்கும் சேர்த்து, படுக்கை, மருந்து எல்லாம் அடக்கம், ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று வெளியே ஆபீசில் சொன்னார்கள். முழுவதையும் கட்டினால்தான் உள்ளே சேர்ப்பார்கள். பாதியை இப்போதும் பாதியைப் பிறகும் கட்டலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அப்படி வழக்கமில்லை என்றார்கள்.

ஆயிரத்து இருநூறு அப்போது எங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. முந்தின வருஷம் கிணற்றுக்கு மோட்டார் வைப்பதற்காக நிலத்துப் பத்திரம் கூட்டுறவுச் சங்கத்தில் அடமானமாகிவிட்டது. என் நகைகள் அதற்கும் முன்பே வட்டிக்கடைக்குப் போயிருந்தன. மழை ஏமாற்றியதில் இரண்டாம் போகம் கதிர் பிடிக்காமலே காய்ந்தது. மாட்டுக்கு வைக்கோல்தான் மிஞ்சியது. ஆனாலும் அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை. கம்பத்துக்கு மேலே மலையில், கம்பம்மெட்டு வங்கியில் பணம் இருக்கிறது என்ற தைரியம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் என் கணவர் அந்த மலையில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்த்தார். காயைச் சலித்துத் தரம் பிரிப்பதும், மூட்டை தைத்துக் கம்பத்துக்கு இறக்கிவிடுவதும் வேலை. சம்பளத்தில் ஒரு பங்கை அந்த முதலாளி கையில் கொடுக்காமல் அங்கிருந்த வங்கியிலேயே இவர் பேரில் போட்டுவிடுவாராம். மாமனார் தவறியதும் நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்தவர், பணத்தை அங்கேயே விட்டுவிட்டு பாஸ்புக்கை மட்டும் கொண்டுவந்தார். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அதைத் தொடவில்லை. வீட்டில் சண்டை வந்தால், உங்கள் மலைக் காசை நீங்களே கட்டிப்பிடித்துக்கொண்டு படுங்கள் என்பேன். அவர் சிரிப்பார். அந்த மனுஷனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு பேர் கோபத்தையும் நானே சுமந்தேன்.

கோயமுத்தூரிலிருந்து வந்த மூன்றாம் நாள் அவர் மலைக்குக் கிளம்பினார். நான் வாசல்வரை போய் வழியனுப்பினேன். அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

எங்கள் பக்கம் நெல் போட்டு வைக்கிற பெரிய மரப்பெட்டியைப் பத்தாயம் என்போம். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் அதைத் துடைத்து எடுக்கமாட்டோம். அடியில் ஒரு கைப்பிடி நெல் கிடக்க வேண்டும். அது கிடந்தால்தான் அடுத்த நெல் வந்து சேரும் என்பது நம்பிக்கை. உப்புப் பானைக்கும் மஞ்சள் டப்பாவுக்கும் இதே சட்டம்தான். அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று வாயால் சொல்லாமல், நிறைந்திருக்கிறது என்று சொல்லித்தான் கடைக்கு அனுப்புவோம். எலப்புள்ளியில் என் பிறந்த வீட்டில் வறுமை வந்ததுண்டு, வெறும் பத்தாயம் வந்ததில்லை. குழந்தை விஷயமாக எடுக்கிற பணம் ஆயிற்றே, அதில் அபசகுனம் வரக்கூடாதே என்று எனக்கு அடித்துக்கொண்டது.

"ஏனுங்க, இருக்கறத மொத்தமா வழிச்சுட்டு வந்தராதீங்க. ஒரு ரூவாயாச்சும் அதுல கெடக்கட்டும்."

"அதென்ன புள்ள பத்தாயமா? பேங்கு."

"எதுவா இருந்தா என்னங்க. தொடச்சு எடுக்கோணுமா?"

சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்னதை அவர் தட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். சொன்னதைக் கேட்கிற புருஷன் வேண்டும் என்றுதான் எல்லாப் பெண்களும் நேர்ந்துகொள்கிறோம்.

மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். ஆனால் முகத்தில் வாட்டமில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்பதால் கணக்கு தூங்கிவிட்டதாம். அப்படித் தூங்கிய கணக்கில் கை வைக்க வேண்டுமானால் எறணாகுளத்துத் தலைமை ஆபீஸ் சம்மதிக்க வேண்டும். எப்படியும் அங்கே கேட்டு எழுதத்தான் போகிறோம், நீங்களும் இனி மலைக்கு வரப்போவதில்லை, கணக்கையே மூடிவிடுங்கள், வேலை சுலபம் என்று அங்கே இருந்த குமாஸ்தா யோசனை சொன்னாராம். இவரும் மூடுவதற்கான தாளில் ஒப்பு போட்டு பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் டிராப்ட் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும்.

ஒரு ரூபாய் விட்டீர்களா என்று கேட்டேன். அதை ஒரு கதையாகவே சொன்னார். ஒரு ரூபாய் அதிலேயே கிடக்கட்டும் என்று இவர் சொன்னதும் குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாராம். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி அவரும் சிரித்தாராம். பிறகு, அதற்கென்ன, கிடக்கட்டும் என்று தொகையில் ஒரு ரூபாயைக் குறைத்தே எழுதினாராம். மலைக்காரர்கள் எவ்வளவு தங்கமானவர்கள் பார் என்றார் இவர். எனக்கும் மனது நிறைந்துபோயிற்று. அன்றைக்குக் குழந்தைக்கு நெய் விட்டுச் சோறு பிசைந்தேன்.

பத்து நாள் என்றது பதினைந்தாயிற்று, இருபதாயிற்று. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை பகலில் தறிகெட்டு அழுதாள். ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டி வீட்டை இருட்டாக்கி வைத்தேன். தபால்காரர் சைக்கிள் வருகிற நேரத்துக்கு, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி முனையில் போய் நிற்பேன். எனக்காகவே அவர் தூரத்திலேயே கையை ஆட்டி இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார். முதலில் பாவமாக இருந்தது, பிறகு அந்தக் கையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் வந்தார். அவர் எலப்புள்ளியில் இருந்துகொண்டு கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மிணி, உங்கண்ணி சங்கிலி கழுத்துல சும்மாதான் கெடக்குது. அதை வெச்சு வாங்கித் தாரேன். மாப்பள காசு வந்தாத் திருப்பிக்கலாம்."

அண்ணி கூடவே வந்திருந்தாள். சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. வேண்டாமுங்கண்ணா, எங்கள் காசே பேங்கில் கிடக்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும், ஊரார் சங்கிலிக்கு நாங்கள் ஏன் வட்டி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஊரார் என்ற சொல் அண்ணனுக்கு உறைத்திருக்கும். என் கணவரும் அதையே வேறு மாதிரி, தன்மையாகச் சொன்னார். அடுத்த வாரம் என்பதை நாங்கள் உண்மையாகவே நம்பினோம். காசே இல்லாதவர்களாக இருந்திருந்தால் அன்றைக்கே அண்ணன் காலில் விழுந்திருப்போம், பிள்ளையின் கண்ணும் பிழைத்திருக்கும். இருக்கிறது, இதோ வருகிறது என்ற நினைப்புதான் எங்களைக் கட்டிப்போட்டது.

ஐந்தாவது வாரம் தபால் வந்தது. டிராப்ட் இல்லை, இங்கிலீஷில் ஒரு கடிதம். கொல்லங்கோட்டில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் கொண்டுபோய் வாசித்துக் கேட்டோம். விண்ணப்பத்தில் கண்ட தொகை பொருந்தவில்லை, கணக்குதாரர் நேரில் வந்து விளக்கம் தந்து மீண்டும் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. என்ன பொருந்தவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அப்போது பொறி தட்டவில்லை.

இந்த முறை நானும் வருகிறேன் என்றேன். இவரைத் தனியாக அனுப்பினால் அவர்கள் சிரித்தால் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார் என்று வாயைக் கொட்டினேன். குழந்தையின் முகத்தில் ஈரத்துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் என்று பஸ் மாறி மாறிப் போய், கம்பத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலை ஜீப்பில் மலை ஏறினோம். மேலே குளிராகவும் மேகமாகவும் இருந்தது. வெயில் இல்லாததால் குழந்தை துண்டைத் தானே தள்ளிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாட்டைக் காட்டி, ம்மே என்றாள். அவளாக ஒன்றைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் கடைசி. அப்போது அது தெரியாமல், கூட்டிக்கொண்டு வந்தது நல்லதாயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

வங்கி ஒரு சின்னக் கட்டடம். வாசலில் ஏலக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிரித்த குமாஸ்தாவுக்கு மாற்றலாகிவிட்டது. மேனேஜரும் புதியவர். கோட்டயம் பக்கத்துக்காரர், எங்களுக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பேசினார். எங்கள் தாளைத் தேடி எடுத்து மேசையில் விரித்தார். மூடுகிற தாளில் கணக்கு மூடப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. ஆனால் எடுக்கிற தொகையில் ஒரு ரூபாய் குறைகிறது. மூடுகிற கணக்கில் ஒரு பைசாகூட நிற்கக்கூடாது. நிற்கிறதென்றால் அது மூடுகிற கணக்கு அல்ல. தலைமை ஆபீஸில் இரண்டு மேசை ஏறி இறங்கி, பிழை திருத்தி அனுப்பவும் என்று தாள் இங்கேயே திரும்பி வந்துவிட்டது. வந்த தாள் மாற்றல் அமளியில் இரண்டு வாரம் அலமாரியில் கிடந்திருக்கிறது.

"மூடணுமோ வேண்டயோ? அது மட்டும் சொன்னா மதி, போதும்," என்றார் மேனேஜர். "இந்த ஒரு ரூபா ஆரு விடச் சொன்னது?"

என் கணவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். பார்க்காததால்தான் உள்ளே எல்லாம் இற்று விழுந்தது.

"நாந்தானுங்க சொன்னேன்."

ஏன் என்று கேட்டார். பத்தாயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பைத்தியக்காரி குரலாகக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் பத்தாயம் உண்டு அம்மா, எங்கள் அம்மையும் துடைத்தெடுக்கச் சம்மதிக்கமாட்டாள் என்றார். அந்த ஆள் என்னைத் திட்டியிருக்கலாம். மூளை இல்லாத பட்டிக்காட்டுப் பெண் என்று நினைத்திருந்தால் நானும் நாலு வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருப்பேன். என்னைப் புரிந்துகொண்ட ஒரே அதிகாரி அவர்தான். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், தாளைப் பிறகு அனுப்பிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டர் ஒரு மாதம் என்றார், ஆறு வாரம் ஆகிவிட்டது என்றேன். அவர் திரும்பத் திரும்ப, மேலிருந்து அனுமதி இல்லாமல் அந்தப் பணத்தில் என் கை போகாது, தந்தி அடிக்கிறேன், பதினைந்து நாளில் வரும் என்றார். இவர் புதுத் தாளில் ஒப்பு போட்டார். முழுத்தொகை, ஒரு பைசா பாக்கியில்லாமல். குழந்தைக்கென்று பால் வரவழைத்துக் கொடுத்தார்கள். நான் அந்தக் கிளாஸைத் தொடவிடவில்லை. பசியோடு இருந்த பிள்ளைக்கு வந்த பாலை என் கோபத்துக்காகத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். ஜீப்பில் இறங்கும்போது அவள் அழுதாள். கம்பம் வந்துதான் வாங்கிக் கொடுத்தோம்.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே எலப்புள்ளிக்குப் போய் அண்ணன் முன்னால் நின்றேன். சங்கிலியைக் கேட்டேன். அதற்குள் அவருடைய ஆலையில் வேலைநிறுத்தம் ஆரம்பித்து இரண்டு வாரமாகியிருந்தது. சங்கிலி அடுப்பெரிக்கப் போய்விட்டது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணிதான் உள்ளே போய் முந்தானையில் முடிந்திருந்த முப்பது ரூபாயை எடுத்துவந்து என் கையில் வைத்து அழுத்தினாள். தலைப்பை இழுத்துவிட்டதைப் பார்த்து அவளை எடைபோட்டவள் நான். அந்த முப்பது ரூபாயை வாங்கும்போது எனக்கு ஏற்பட்ட அவமானம் அவள் கொடுத்ததால் வந்ததல்ல. இவர் ஒரு பக்கம் வட்டிக்குக் கேட்டு அலைந்தார். பத்திரம் கொண்டா என்றார்கள். பத்திரம் சங்கத்தில் இருந்தது.

டிராப்ட் ஒன்பதாவது வாரம் வந்தது. தபால்காரர் இட்டேரி முனையிலிருந்தே மணியடித்துக்கொண்டு வந்தார், பாவம். அதை எடுத்துக்கொண்டு பாலக்காட்டுக்கு ஓடினோம். அங்கே கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே இரண்டு கோடு போட்டிருக்கிறது, இதைக் கையில் காசாகத் தரமுடியாது, உங்கள் கணக்கில் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். எங்களுக்கு எங்கே கணக்கு? இருந்த ஒன்றை மூடத்தானே இத்தனை பாடு. ஆகவே புதுக்கணக்கு ஒன்று தொடங்க வேண்டியதாயிற்று. அதற்கு அந்த வங்கியில் கணக்குள்ள ஒருவர் வந்து இவர் இன்னார் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆளைப் பிடிக்க நாலு நாள். டிராப்ட் பாஸாக ஒரு வாரம். இதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. எறும்பு ஊர்கிற வேகத்தில் யார் யாரோ தாள்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் என் பிள்ளை சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

இவர் அந்த ஒரு ரூபாயைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு முப்பது வருஷம் கூட வாழ்ந்தபோதும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உன்னால்தான் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், நீங்கள் மட்டும் அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று நானும் கத்தி, இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம். அந்த நல்ல மனுஷனின் பொறுமை என்னைத் தண்டித்த மாதிரி எந்தக் கோபக்காரனும் தண்டித்திருக்க முடியாது.

பதினோராவது வாரம் கோயமுத்தூர் போனோம். சட்டப்படி முதலில் ஆபீசில் ஆயிரத்து இருநூறையும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டோம். அதே டாக்டர். அதே மாதிரி குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்தேன். வலது கண்ணில் விளக்கை அடித்தார். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. வெயிலுக்கு அலறுகிற பிள்ளை பேசாமல் இருக்கிறாளே, குணமாகி வருகிறதோ என்றுகூட அந்த ஒரு நொடியில் எனக்கு ஆசை வந்தது. இடது கண்ணில் அடித்தபோது கொஞ்சம் சிணுங்கினாள். டாக்டர் விளக்கை அணைத்தார்.

"நான் எப்ப வரச் சொன்னேன்?"

"ஒரு மாசத்துலீங்க."

ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. வலது கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார். இடது கண்ணில் கால்வாசி இருக்கிறது, அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். நாளைக் காலையில் ஆபரேஷன். அதைக் காப்பாற்றவும் செய்தார், நான் நன்றி மறக்கவில்லை. இடது கண்ணால் என் மகளுக்கு இன்றைக்கும் வெளிச்சம் தெரியும், எதிரில் வருகிற ஆளின் நிழல் தெரியும். என் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

டாக்டர் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து ஆபீசில் காட்டச் சொன்னார். இவர் குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் கொண்டுபோனேன். ஆபீசில் இருந்தவர் சீட்டைப் படித்தார். எங்கள் ரசீதை வாங்கி அதில் ஒரு கோடு இழுத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து அறுநூறு ரூபாயை எடுத்து என் முன்னால் வைத்தார். விண்ணப்பம் கேட்கவில்லை, கையெழுத்துக் கேட்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"ஒரு கண்ணுக்குத்தானுங்களே," என்றார். "மீதியை எண்ணிப் பாத்துக்கங்க."

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.